வாகடம் இல்லாத விலங்கு

மதுரை தல்லாகுளத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் காலை நேரத்தில் போனால் ஒரு காட்சியைக் காணலாம். கயிற்றில் பிடித்த கறவை மாடு, ஆட்டோவில் வந்திறங்கும் வெள்ளாடு, கூடைக்குள் கோழி. இவற்றுக்கு நடுவே துணிப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாய்க்குட்டி. மாட்டைக் கொண்டுவந்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நாய்க்குட்டியைக் கொண்டுவந்த பையனிடம் மட்டும் வரிசையில் நிற்கும் பெரியவர் ஒருவர் கேட்டுவிடுவார்: "நாய்க்குப் போயி வைத்தியமாப்பா?"

கேட்பவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. அவர் வீட்டு வாசலிலும் ஒரு நாய் படுத்திருக்கும். தம் தட்டில் மிஞ்சியதை அதற்கு அன்போடு வைப்பவராகவே அவர் இருப்பார். அவர் கேட்பது கணக்கு. மாடு பால் தரும், ஆடு சந்தையில் விலைபோகும், கோழி முட்டையிடும். நாயின் வரவு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே கையிறுக்கம் வரும்போது முதலில் வெட்டப்படும் செலவு நாய்ச் செலவுதான். இதே ஊரில் நாய்க்காக ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் வீடுகளும் இப்போது உண்டு. இந்த இரு கரைகளுக்கும் நடுவே, நாயின்மேல் ஆசையும் உண்டு, கையில் பணம் குறைவு என்னும் நிலையில் இருப்பவர்களே மிகுதி. சிக்கனமும் வேண்டும், நாயும் நலமாக இருக்க வேண்டும் என்று எண்ணும் அவர்களுக்கு வரலாறு ஏதேனும் சொல்கிறதா என்று தேடிப் பார்த்தோம். சொல்கிறது. அதுவும் பாண்டி நாட்டிலிருந்தே தொடங்குகிறது.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

1290களின் தொடக்கத்தில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்க்கோ போலோ, முத்துக் குளித்தலையும் மன்னர்களின் நகைகளையும் பார்த்து வியந்தார். அவற்றைவிட அவரை வியக்கவைத்தது குதிரை வாணிகம். ஓர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர்கள் கப்பல் கப்பலாகக் குதிரைகளைக் கொண்டுவந்து இங்கே விற்றார்கள். ஒரு குதிரையின் விலை 100 வெள்ளி மார்க்குக்கும் மேல். மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவான். அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குவார்கள். ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ.

அதற்கு அவர் சொல்லும் காரணங்களைக் கவனிக்க வேண்டும். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரைக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியை ஊட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரை வைத்தியர் எவரும் இந்நாட்டுக்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

மார்க்கோ போலோ சற்றுக் கூட்டிச் சொல்பவர் என்பது தெரிந்ததே. ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதியிருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் என்பது அவர் தரும் கணக்கு. வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கும் ஒப்பந்தம் இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். இந்தச் சூட்டையும் தீனியையும் குதிரைகள் தாங்கவில்லை என்ற செய்தி அவரிடமும் உண்டு.

ஒரு பேரரசின் கருவூலம் குதிரை வாங்கப் பணம் கொடுத்தது. குதிரையைக் காக்கத் தெரிந்த ஒரு மனிதனுக்குக் கொடுக்கவில்லை. அந்த ஒருவனுக்கான ஊதியத்தை மிச்சம் பிடித்ததற்கு நாடு கொடுத்த விலையைத்தான் இரு அயல்நாட்டார் எழுதிவைத்திருக்கிறார்கள். விலங்கு வைத்தியத்தில் எது சிக்கனம், எது வீண் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் வரலாற்றில் இல்லை.

ஏட்டில் ஏறாத பிராணி

விலங்குக்கு வைத்தியம் செய்வது இந்த மண்ணுக்குப் புதியது என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொண்டுபோய் நடச்செய்ததையும் கூறுகிறது. அந்த ஏற்பாடு எட்டிய எல்லைப்புற நாடுகளின் பட்டியலில் சோழரோடு பாண்டியர் பெயரும் இருக்கிறது. அசோகரின் மூலிகை மதுரையில் முளைத்ததா என்பது வேறு விஷயம். ஆனால் விலங்கு மருத்துவத்தைப் பொதுச்செலவில் செய்ய வேண்டிய காரியமாகக் கருதும் எண்ணம், நம் பெயரையும் சேர்த்தே, இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் ஏறிவிட்டது.

பிற்காலத்தில் சுவடிகள் தோன்றின. மாட்டுக்கு மாட்டு வாகடம், குதிரைக்கு அசுவ சாஸ்திரம், யானைக்குக் கஜ சாஸ்திரம். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் இவ்வகை நூல்களை அச்சிலும் கொண்டுவந்திருக்கிறது. உழவுக்கும் போருக்கும் உதவிய விலங்குகளுக்கு ஏடு எழுதினார்கள். அவற்றைப்போல் பேர்பெற்ற வாகடம் நாய்க்கு அமையவில்லை.

இத்தனைக்கும் நாய்க்கு மதிப்பு இல்லாமலில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் எடுத்த நடுகல் ஒன்று உண்டு. வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் கள்வரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் எழுத்தில் இருக்கின்றன. பைரவர் சன்னிதி தோறும் நாய் உடன் நிற்கிறது. மதுரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் விரியும் சமவெளி ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஊர்ப்பெயராலும் உறவுப்பெயராலும் அழைக்கப்படும் நாயினங்களின் தாயகம். மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்கு உரியது. தியடோர் பாஸ்கரன் பல ஆண்டுகளாக இந்த இனங்களைப் பற்றி எழுதி, 2017-இல் இந்திய நாய்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார்.

கல் எடுத்தோம், கோயிலில் வைத்தோம், தபால்தலையும் போட்டோம். வைத்தியம் மட்டும் கைமருந்தோடு நின்றுவிட்டது. சொறிக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும், வயிற்றுக்கு மோர், புண்ணுக்குச் சாம்பல். இவற்றில் சிலவற்றால் சிறிது பயன் உண்டு. பலவற்றால் பெரிய தீங்கும் இல்லை. ஆனால் கைமருந்து தொடவே முடியாத ஒரு நோய் இருந்தது. அந்த நோய்தான் இந்தக் கதையை நாயிடமிருந்து மனிதனிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.

குன்னூருக்குப் போன வழி

1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டார். சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் அந்தச் சிகிச்சை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். தென்னாட்டில் நாய் கடித்தால் நாட்டின் மறுகோடிக்கு ரயிலேற வேண்டும். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் தென்னிந்தியாவில் வெறிநோயால் இறந்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருத்திக்கே கசௌலி எட்டாத தொலைவு என்றானபின்தான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையில் ஒரு பகுதி அதற்கு வந்தது. 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தொடங்கியது. மலை ரயில் 1899-லேயே குன்னூரை எட்டியிருந்ததால், மதுரைப் பக்கத்து ஏழை ஒருவன் மேட்டுப்பாளையம் வரை போய்விட்டால் அதன்பின் பிழைக்க ஒரு வழி இருந்தது.

அந்தப் பயணத்துக்கும் பணம் வேண்டும், நாள்கூலியை விட வேண்டும். 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து இந்தச் சிக்கலைக் குறைத்தது. ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலம் கொண்டு கொன்று செய்த அந்த மருந்தைக் குப்பியில் அடைத்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். நோயாளி மலையேற வேண்டாம்; மருந்து மலையிறங்கி வரும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லி அச்சுறுத்தியது இதைத்தான். மலிவானது என்பதால் இந்தியா இதை நெடுங்காலம் விடவில்லை. ஆனால் மூளைப் பொருள் கலந்த அந்த மருந்து, அரிதாகச் சிலருக்குப் பக்கவாதத்தையும் தந்தது. உயிரணு வளர்ப்பு முறையில் செய்த பாதுகாப்பான மருந்து உலகில் வந்து பல ஆண்டுகள் கழித்தே, 2004 இறுதியில், இந்தியா ஆட்டு மூளை மருந்தைக் கைவிட்டது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பதன் விலை இது.

புதிய மருந்தோ விலை கூடியது. எல்லோருக்கும் எப்படிப் போடுவது? இதற்கு விடை தாய்லாந்தில் கிடைத்தது. ஏழை நாட்டுக்கு ஏற்ற வழியை 1980களில் தேடிய தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்து மருத்துவர்கள், மருந்தைத் தசைக்குள் செலுத்தாமல் தோலுக்குள் மிகச் சிறிய அளவில் இரண்டு இடங்களில் செலுத்தினார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் தோலில் நிறைந்திருப்பதால் பத்தில் ஒரு மில்லிலிட்டரே போதுமானதாக இருந்தது. ஒருவருக்கு ஆகும் குப்பியில் பலருக்குப் போடலாம். இந்தியா 2006-இல் இம்முறையை ஏற்றது. செம்பிளின் மலிவு நோயாளியின் உடம்பைப் பணயம் வைத்தது. தாய்லாந்து கண்ட மலிவு அறிவைக் கூட்டி மருந்தைக் குறைத்தது. இரண்டையும் சிக்கனம் என்ற ஒரே சொல்லால் அழைப்பது சரியில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

திருமங்கலம் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வாசலைத் தாண்டாத நாட்டு நாய் ஒன்று அவர்களிடம் இருந்தது. வீட்டோடு கிடக்கும் நாய்க்கு ஊசி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஒருநாள் தெருநாய் ஒன்றுடன் சண்டை, காதில் சிறு காயம். சில வாரங்களில் நாய் தீனியைத் தொடவில்லை, குரல் மாறியது, வாயில் எச்சில் வடிந்தது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று எண்ணிய வீட்டுக்காரர் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார். நான்காம் நாள் நாய் இறந்தது.

அதன்பின் ஐந்து பேரும் ஊசிக்கு அலைந்தார்கள். அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசில்லை. ஆனால் ஐந்து பேர் நான்கு முறை பேருந்தேறினார்கள், அத்தனை நாள் கூலியும் போயிற்று. வாய்க்குள் கைவிட்ட மனிதர் மாதக்கணக்கில் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறதா என்று தம்மையே சோதித்துக்கொண்டிருந்தார். அவர் பிழைத்தார். அவர் மிச்சம் பிடித்தது, நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டிய ஒரே ஓர் ஊசியை.

அறிகுறி தோன்றியபின் வெறிநோய்க்கு இன்றும் மருந்தில்லை என்றே சொல்ல வேண்டும். உலக அளவில் இந்நோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் நோயை மனிதனிடம் வந்தபின் துரத்துவதைவிட நாயிடமே நிறுத்துவது எளிது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. 1921-இல் உமெனோ, டோய் என்ற இரு ஜப்பானியர்கள் நாய்க்கு ஒரே ஊசியில் போடும் மருந்தை வெளியிட்டார்கள். நாய்களுக்குத் திரளாக ஊசி போட்ட ஜப்பான் 1957-க்குள் நோயை ஒழித்தது. நாமோ வேறு வழியில் போனோம். சென்னையில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 1860-இல் தொடங்கி 1996 வரை நடந்தது. முடிவில் நாளொன்றுக்கு 135 வரை கொன்றதாகப் புளூ கிராஸ் அமைப்பினர் கூறுகிறார்கள். நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. 1959-இல் தோன்றிய அந்த அமைப்பு 1964 முதலே வலியுறுத்திவந்த கருத்தடையும் தடுப்பூசியும் சேர்ந்த முறை 1996-இல்தான் தொடங்கியது. கொல்வதற்கு ஆன செலவு முழுவதும் நூற்றுமுப்பது ஆண்டுகள் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர்.

ஒரு பத்திரிகையின் வாசகர்கள்

இலக்கியப் பத்திரிகை வாசகர்களுக்கு இந்த வரலாற்றில் பிடித்தமான பகுதி ஒன்று உண்டு. வெறிநோய்க்கு அடுத்தபடி நாய்களைக் கொன்றது டிஸ்டெம்பர். முதலில் காய்ச்சலும் சளியும், பிறகு வலிப்பும் நடுக்கமும். 1905-இல் ஆன்ரி காரே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இது வைரஸால் வருவது என்று காட்டினார், பலர் நம்பவில்லை. 1923-இல் லண்டனிலிருந்து வெளிவந்த 'தி ஃபீல்டு' என்ற வார இதழ் தன் வாசகர்களிடம் ஒரு நிதி திரட்டியது. வேட்டை நாய் வளர்ப்பவர்கள் அதன் வாசகர்கள். தத்தம் நாய்க்குத் தனித்தனியே வைத்தியம் பார்த்துச் சலித்தவர்கள். அந்தப் பணத்தில் பேட்ரிக் லெய்ட்லா, ஜார்ஜ் டன்கின் என்ற இரு அறிஞர்கள் ஆய்ந்து 1928-க்குள் தடுப்பு மருந்தைக் கண்டார்கள். அந்த ஆய்வுக்காகக் கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் சிறு விலங்கை வளர்த்தார்கள். 1933-இல் மனிதரின் இன்ஃபுளுவென்சா வைரஸைக் கண்டறிய அதே விலங்குதான் உதவியது. நாய்க்காகச் சேர்த்த பணம் மனிதனுக்கும் வந்து சேர்ந்தது. நாய்க்குப் போய் வைத்தியமா என்பவருக்கு இது ஒரு பதில்.

1978-இல் உலகெங்கும் ஒரே வீச்சில் புதிதாக ஒரு நோய் பரவியது. பார்வோ. இரத்தமும் வாடையுமாகக் குட்டிகள் கழிந்து சாகும் நோய். 1980களின் தொடக்கத்திலேயே சென்னையில் அதைக் கண்டறிந்து எழுதினார்கள். இன்று மதுரையில் குட்டி வாங்கும் எவரும் முதலில் அஞ்சுவது இதற்குத்தான். வந்துவிட்டால் நாள்கணக்கில் சொட்டு மருந்து ஏற்ற வேண்டும். செலவு செய்தும் குட்டி பிழைக்கும் என்ற உறுதியில்லை. வராமல் தடுக்க, பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு நான்கு மாதம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை அடுத்தவை. டிஸ்டெம்பரும் பார்வோவும் ஒரே ஊசியில் அடங்கும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. குடற்புழு மாத்திரையின் விலை மிகக் குறைவு. நாய்க்கு ஆகும் மொத்தச் செலவில் இவை சிறு பகுதி. பின்னால் வரக்கூடிய பெரும்பகுதியைத் தடுப்பவை இவையே.

சோறும் சூடும்

குதிரைக்கு இறைச்சி ஊட்டிய நாட்டில் நாய்க்கு வெறும் பால்சோறு போடுகிறோம் என்பது வேடிக்கை. 1910களின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்குத் தானியக் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தபோது அவற்றின் கால்கள் வளைந்தன. மீனெண்ணெய் கொடுத்தபோது நிமிர்ந்தன. வைட்டமின் 'டி' பற்றிய அறிவுக்கு வழி திறந்த ஆய்வு அது. மனிதனைப்போல் வெயிலில் நின்று தோலின் வழியே போதிய அளவு வைட்டமின் 'டி' உண்டாக்கிக்கொள்ள நாயால் இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். மதுரை வெயிலில் நாள் முழுதும் கிடக்கும் குட்டிக்கும் கால் வளைவது இதனால்தான்.

இதற்கு வெளிநாட்டுத் தீவன மூட்டை வேண்டியதில்லை. சோற்றோடோ கம்பங்கூழோடோ அவித்த முட்டை, முள் நீக்கிய மலிவு மீன், கறிக்கடையில் கழிக்கும் ஈரல், கொஞ்சம் தயிர் போதும். வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து எவ்வளவு வேண்டும் என்பதை ஊசி போடப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். சமைத்த எலும்பு குடலைக் கிழிக்கும். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழம்பு கலந்த மிச்சச் சோற்றில் வெங்காயம் இருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நாயைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிச் சிக்கனம் முடிந்துவிடுகிறது. பனிநாட்டு ஹஸ்கியையும் மூச்சுக்குத் திணறும் பக்கையும் சித்திரை வெயிலில் வைத்துக் காப்பாற்ற மருத்துவரும் மின்வாரியமும் சேர்ந்தே உழைக்க வேண்டியிருக்கும். குறுமயிர் கொண்ட சிப்பிப்பாறையும் தெருவில் பிறந்த நாட்டு நாயும் இந்த மண்ணுக்குப் பழகியவை. நாட்டினம் என்பதால் குறையே இல்லை என்பதும் உண்மையன்று. வெண்ணிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு கணிசமாக உண்டு. வாங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதற்குக் காசு ஆகாது.

உண்ணியின் கதையும் இப்படித்தான். அது பரப்பும் எர்லிகியா என்ற நோயை 1935-இல் அல்ஜீரியாவில் முதலில் கண்டார்கள். வியட்நாம் போரில் அமெரிக்கப் படைநாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தபோதுதான் உலகம் கவனித்தது. நேரத்தோடு கண்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே போதும். பிந்தினால் எலும்பு மஜ்ஜையே வற்றும். உண்ணி நாயின் உடம்பில் இருக்கும் காலத்தைவிடச் சுவர் விரிசலில் ஒளிந்திருக்கும் காலமே அதிகம். ஆகவே விரிசலைப் பூசிச் சுண்ணாம்பு அடிப்பதும் நாய் வைத்தியமே.

கஞ்சத்தனம் என்னும் ஊதாரித்தனம்

சிக்கனம் என்று எண்ணி நாம் செய்பவற்றில் சில நேராகக் கொல்பவை. காய்ச்சலுக்கு வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் மாத்திரை அவற்றில் முதலாவது. இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அழிக்கும். பாராசிட்டமால் அளவு தவறினால் ஈரலை அழிக்கும். சொறிக்கு வண்டியின் பழைய ஆயிலைப் பூசுவது இரண்டாவது. நாய் அதை நக்கித் தின்னும், தோலும் வேகும். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யாமல் விடுவது மூன்றாவது. உரிய வயதில் செய்தால் மார்பகக் கட்டியின் வாய்ப்புக் குறையும், கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. செய்யாமல் விட்டால் வயதான காலத்தில் அதைவிடப் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டிவரும்.

உண்மையான சிக்கனத்துக்கு நமக்கு வாய்த்திருக்கும் இடம் அந்தப் பழைய அரசு மருத்துவமனைதான். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் அதை அடியாகக் கொண்டு கால்நடைக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் பயிற்சி ஆராய்ச்சி மையம் ஒன்று திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. மைஸ்டருக்கு ஊசி போட்ட ஜூலை 6-ஐயும், பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஐயும் ஒட்டிக் கால்நடைத் துறையினர் நாய்களுக்கு இலவசமாக வெறிநோய் ஊசி போடுவது வழக்கம். நாட்காட்டியில் இந்த இரு தேதிகளையும் குறித்துவைப்பவருக்கு அந்த ஊசிச் செலவும் இல்லை. நாய் கடித்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியதற்கும் செலவு மிகக் குறைவு: ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மந்திரிப்பு எதுவும் கூடாது.

அசோகர் கல்லில் வெட்டியதும், குன்னூர் மலையிலிருந்து குப்பியில் இறங்கி வந்ததும், லண்டன் இதழின் வாசகர்கள் காசு போட்டுச் சேர்த்ததும் பொதுவில் செய்த காரியங்கள். அதுவும் நோய் வருமுன் செய்தவை. தனியொருவர் தம் பையைத் திறந்து கடைசி நேரத்தில் செய்வதைவிட இவை எப்போதும் மலிவாகவே இருந்திருக்கின்றன. பாண்டியனுக்கு இது தெரியாமல் போயிற்று, குதிரைகளும் போயின.

நாம் பார்த்த அந்தப் பையன் பெரியவருக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி போட்டு முடித்ததும், தேதி எழுதிய அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த தேதிக்கு அவன் திரும்பி வந்தானென்றால், பாண்டியனைவிடக் கணக்குத் தெரிந்தவன் அவன்.